மலேரியா ஆய்வில் முதல் ஆண்டு: கைப்பழக்கத்தில் எதை முதலில் பிடிப்பது? கண்ட்ரோல் கூண்டிலேயே ஊசிஸ்ட் வராதது ஏன்?

புதுக்கூண்டு:
வணக்கம். மலேரியா பரவலைத் தடுக்கும் எதிர்பொருள்களைச் சோதிக்கும் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறேன். இரண்டு கேள்விகள்.

ஒன்று: கொசு வளர்ப்பறை, ஒட்டுண்ணி கல்ச்சர், களப்பணி மூன்றும் இங்கே உண்டு. முதல் ஆண்டில் எதைக் கையில் பழகிக்கொண்டால் பிறகு எந்தப் பக்கம் போனாலும் உதவும்?

இரண்டு: சவ்வு வழியாக ரத்தம் ஊட்டும் சோதனையில் கண்ட்ரோலே (எதிர்பொருள் சேர்க்காத ஒப்பீட்டுக் கூண்டு) சரியாக வருவதில்லை. கொசு அனோபிலஸ் ஸ்டீபன்சி, ஒட்டுண்ணி ஃபால்சிபேரம், என்எஃப்54 என்ற ஆய்வக வகை. 14ஆம் நாள் கல்ச்சரில் கேமிட்டோசைட் (கொசுவைத் தொற்றும் ஆண், பெண் பாலின நிலை) 0.8%. 8ஆம் நாள் 30 கொசுவைப் பிரித்தால் 6இல்தான் ஊசிஸ்ட் (கொசுக் குடல் சுவரில் ஒட்டுண்ணி வளரும் உருண்டை) இருக்கிறது, அதுவும் ஒன்றிரண்டுதான். கொசுக்கள் நன்றாகவே குடிக்கின்றன. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கம்பிவலை:
வளர்ப்பறையிலிருந்து தொடங்குங்கள். அதைக் கீழ்மட்ட வேலை என்று நினைத்து உதவியாளரிடம் விட்டுவிடுபவர்கள்தான் மூன்றாம் ஆண்டில் ‘ஏன் ஒரு சுற்று போல் மறு சுற்று வரவில்லை’ என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

ஈடிஸ் வைத்து டெங்கு ஆராய்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. முட்டையைத் தாளோடு உலர்த்தி மாதக்கணக்கில் வைக்கலாம், தேவைப்படும்போது நீரில் போட்டால் பொரியும். அனோபிலஸ் முட்டை உலர்ந்தால் செத்தது. அதனால் தலைமுறை அறுபடாமல் ஓட வேண்டும். விடுமுறை என்று ஒரு வாரம் விட்டால் அடுத்த மாதச் சோதனைக்குக் கொசு இருக்காது.

அறை 26 முதல் 28 டிகிரி, ஈரப்பதம் 75 முதல் 80%, ஒளி 12 மணி, இருள் 12 மணி. விளக்கு சட்டென்று அணையாமல் அரை மணி நேரமாவது மங்கி அணைவது நல்லது. ஆண்கள் கூட்டமாகப் பறந்து இணைவது அந்த மங்கலில்தான்.

புழுவில்தான் கவனம் தேவை. 30 × 40 செ.மீ. தட்டில் ஒரு லிட்டர் நீர், முதல் பருவப் புழு 200 முதல் 250. இதற்கு மேல் போட்டால் கூட்டுப்புழு சிறுக்கும். கொசு சின்னதானால் குடிக்கும் ரத்தமும் குறைவு, உள்ளே போகும் கேமிட்டோசைட்டும் குறைவு. மீன் உணவை மாவாக இடித்து, சல்லடையில் சலித்து, நீர்மேல் தூவுங்கள். அனோபிலஸ் புழுவுக்கு மூச்சுக்குழல் நீட்டம் கிடையாது. நீர்ப்பரப்புக்கு இணையாகப் படுத்து, மேலே மிதப்பதைத்தான் மேயும். கட்டியாகப் போட்டால் அடியில் போய் அழுகும். மறுநாள் நீர்மேல் ஆடை படியும், புழுவின் சுவாசத் துளை அடைபடும், தட்டு மொத்தமும் போய்விடும். முதல் இரண்டு நாள் ஒரு சிட்டிகைகூட அதிகம். ஆடை தெரிந்தால் வடிதாளை நீர்மேல் படுக்க வைத்து இழுத்தெடுங்கள், உணவை ஒரு வேளை நிறுத்துங்கள்.

ஒவ்வொரு தொகுதியிலும் 20 பெண் கொசுவின் இறகை அளந்து குறித்து வையுங்கள். அடியிலுள்ள அலுலா வெட்டிலிருந்து நுனி வரை, ஓரச் செதில்கள் சேராமல். இறகு நீளம் குறைந்த தொகுதியைச் சோதனைக்கு விடாதீர்கள், முட்டைக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

ஊட்டுவதற்கு 3 முதல் 5 நாள் வயதான பெண்கள். முன்பு வைத்த 10% சர்க்கரைப் பஞ்சை எடுத்துவிட்டு ஓர் இரவு நீர்ப்பஞ்சு மட்டும், கடைசி இரண்டு மூன்று மணி நேரம் அதுவும் வேண்டாம். ‘நன்றாகக் குடிக்கின்றன’ என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் குடிக்காதவற்றைப் பிரித்தீர்களா என்று சொல்லவில்லை. 8ஆம் நாளில் வயிற்றைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. குடிக்காத கொசுவும் உங்கள் கணக்கில் ‘0 ஊசிஸ்ட்’ என்று ஏறிவிடும். ஊட்டிய அன்றே வயிறு சிவந்து உப்பியதை மட்டும் உறிஞ்சுகுழாயால் வேறு குடுவைக்கு மாற்றுங்கள்.

வெப்பத்தட்டு:
கம்பிவலை சொன்னது சரி. ஆனால் கொசு எவ்வளவு நன்றாயிருந்தாலும் 0.8% கேமிட்டோசைட்டுக்கு 30இல் 6 என்பது ஒட்டுண்ணிப் பக்கத்தில் ஏதோ கசிவதைத்தான் காட்டுகிறது.

முதலில் அந்த 0.8% என்ன என்று பாருங்கள். 14ஆம் நாள் ஸ்லைடில் நான்காம் நிலையும் ஐந்தாம் நிலையும் கலந்திருக்கும். முனை கூராக, மெலிந்து இருந்தால் நான்கு. முனை மழுங்கி வாழைப்பழம் போல் வளைந்திருந்தால் ஐந்து. கொசுவில் தொற்றுவது ஐந்து மட்டுமே. இரண்டையும் சேர்த்து எண்ணியிருந்தால் உங்கள் 0.8 உண்மையில் 0.3 ஆக இருக்கலாம். 15, 16, 17 என்று நாள் தள்ளிப் பாருங்கள்.

அடுத்தது வெப்பம். ஆண் கேமிட்டோசைட் வால் விட்டுத் துடித்து எட்டு நுண்கேமிட்டாகப் பிரிய ஏறக்குறைய 15 நிமிடம் போதும். அதைத் தூண்டுவது இரண்டு விஷயம்: வெப்பம் 37இலிருந்து ஐந்து டிகிரி அளவு இறங்குவது, கொசுவின் குடலில் இருக்கும் சாந்துரெனிக் அமிலம். கார அமில நிலை உயர்ந்தாலும் தூண்டல் கிடைக்கும். இந்த நிகழ்வு கொசு வயிற்றில் நடக்க வேண்டும், உங்கள் குழாயில் நடந்தால் அந்தக் கேமிட்டோசைட் வீண். ஆகவே குடுவை இன்குபேட்டரை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து ஊட்டுகலம் வரை எல்லாமே 37இல் இருக்க வேண்டும். ஊடகம் மாற்றுவதும் வெப்பத்தட்டின் மேல். சென்ட்ரிஃபியூஜை முன்கூட்டியே 37க்கு ஏற்றுங்கள், பக்கெட், அடாப்டர், குழாய், பிப்பெட் முனை உட்பட. பலரும் ரோட்டரைச் சூடாக்கிவிட்டு முனைப்பெட்டியை மறந்துவிடுவார்கள். செல் படிவோடு சேர்க்கும் சிவப்பணுவும் சீரமும் குளிர்பெட்டியிலிருந்து நேரே வரக் கூடாது.

சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் வைத்து காம்ப்ளிமென்ட்டை (சீரத்தில் உள்ள நோயெதிர்ப்புப் புரதங்களை) முடக்கினீர்களா? இல்லாவிட்டால் கேமிட்டுகளை அதுவே அழிக்கும்.

ஊட்டுவதற்கு முன் ஒரு துளிச் சோதனை கட்டாயம். கல்ச்சரில் 10 மைக்ரோலிட்டர் எடுத்து, சீரம் கலந்த ஊடகத்தில் போட்டு, அறை வெப்பத்தில் 15 முதல் 20 நிமிடம் வைத்து 40 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஒரு புள்ளியைச் சுற்றிச் சிவப்பணுக்கள் கொத்தாக நடுங்குவது தெரியும். புலத்துக்குப் புலம் அது தெரியாத கல்ச்சரை ஊட்டுவது கொசுவையும் ரத்தத்தையும் வீணாக்குவதுதான்.

கல்ச்சர் தொடக்கத்தில் பாரசிட்டீமியா (ஒட்டுண்ணி உள்ள சிவப்பணு விகிதம்) 0.5 முதல் 1%, ஹீமட்டோக்ரிட் (கல்ச்சரில் சிவப்பணுவின் கனஅளவு) 4 முதல் 5%, அதன் பிறகு புது ரத்தம் சேர்க்காமல் தினமும் ஊடகம் மட்டும் மாற்றம். ஆர்.பி.எம்.ஐ 1640 ஊடகத்தில் 10% மனிதச் சீரம். சீரத்துக்கு மாற்றான ஆல்புமாக்ஸில் பாலிலா நிலை நன்றாக வளரும், கேமிட்டோசைட்டுக்குச் சீரமே மேல். நீண்ட நாள் பாலிலாப் பெருக்கத்திலேயே ஓடிய கல்ச்சர் கேமிட்டோசைட் ஆகும் திறனை இழக்கும். என்எஃப்54இலிருந்து எடுத்த 3டி7 குளோன் பல ஆய்வகங்களில் கொசுவைத் தொற்றாமல் போனது அப்படித்தான். குறைந்த சுற்று ஓடிய குப்பிகளை உறையவைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை புதிதாக எடுத்துத் தொடங்குங்கள்.

கடைசியாக, ஊட்டிய கொசுக்கள் 26, 27இல் இருக்கட்டும். முதல் நாளில் அறை 30ஐத் தாண்டினால் ஊகினீட் (குடல் சுவரைத் துளைக்கும்) நிலையிலேயே ஃபால்சிபேரம் குறைந்துவிடும். எலி மலேரியா பெர்கை என்றால் இன்னும் கீழே, 19 முதல் 21. ஒரே அறையில் இரண்டையும் வைத்துவிட்டு ‘பெர்கை வரவில்லை’ என்பது அடிக்கடி நடக்கும் பிழை.

புதுக்கூண்டு:
நன்றி. குடிக்காததைப் பிரிக்கவில்லை. சென்ட்ரிஃபியூஜ் அறை வெப்பத்தில்தான். சேர்க்கும் சிவப்பணுவைக் கழுவாமல், இ.டி.டி.ஏ குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து அப்படியே சேர்க்கிறோம். சீரத்தைச் சூடாக்குகிறோம்.

வெப்பத்தட்டு:
மூன்றுமே உதை வாங்கும் இடம். இ.டி.டி.ஏ கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆண் கேமிட்டோசைட் துடிப்பதற்குக் கால்சியம் வேண்டும். ஹெப்பாரின் குழாய்க்கு மாறுங்கள், அல்லது சிவப்பணுவை ஊடகத்தில் மூன்று முறை கழுவி, வெள்ளணுப் படலத்தை நீக்கிவிட்டுச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒரே சுற்றில் மாற்றாதீர்கள். முதல் சுற்றில் சென்ட்ரிஃபியூஜை மட்டும் 37க்கு ஏற்றுங்கள், அடுத்ததில் ரத்தக் குழாயை மாற்றுங்கள். எது காரணம் என்று தெரிந்தால்தான் ஆறு மாதம் கழித்து மறுபடி விழும்போது எங்கே பார்ப்பது என்று தெரியும். குடிக்காததைப் பிரிப்பதை மட்டும் இன்றே தொடங்குங்கள், அது சோதனை மாறி அல்ல.

சுழியம்:
நான் பிரிப்பதிலும் எண்ணுவதிலும் நிற்கிறேன்.

நடுக்குடல் எடுக்கும்போது கொசுவைக் குளிரில் மயக்கி, ஒரு துளி பி.பி.எஸ் உப்புக் கரைசலில் மல்லாக்க வையுங்கள். ஒரு ஊசியால் மார்பை அழுத்திப் பிடித்து, மற்றதால் வயிற்றின் கடைசி இரண்டு கண்டங்களை மெதுவாக இழுத்தால் குடல் ஐந்து மால்பீஜியன் குழல்களோடு வரும். வேகமாக இழுத்தால் அறுந்து முன்பாதி மார்பில் தங்கிவிடும், அதையும் ‘0’ என்று எழுதுபவர்கள் உண்டு. அறுந்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 0.5% மெர்குரோகுரோம் சாயத்தில் பத்து நிமிடம், கவர் ஸ்லிப் போட்டு 10 மடங்கு லென்ஸ். 8ஆம் நாள் ஊசிஸ்ட் வட்டமாக, விளிம்பு தெளிவாக, உள்ளே கறுப்பு நிறமித் துகளோடு இருக்கும். காற்றுக்குமிழுக்கும் கொழுப்புத்துளிக்கும் அந்தத் துகள் கிடையாது. ரொனால்ட் ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கொசுக் குடல் சுவரில் கண்டதை ஒட்டுண்ணி என்று அடையாளம் காட்டியதும் அந்த நிறமிதான். நான்கு நாள் முன்பு நோயாளியிடம் ரத்தம் குடித்த கொசு அது; அந்த வயதில் ஊசிஸ்ட் சின்னது, நிறமி இல்லாவிட்டால் கண்ணில் படாமல் போயிருக்கும்.

8ஆம் நாள் பிரிப்பதில் இன்னொரு நன்மை, உமிழ்நீர்ச் சுரப்பியில் அப்போது ஸ்போரோசோயிட் (மனிதரைத் தொற்றும் நிலை) வந்திருக்காது. அன்றே கூண்டை முடித்து −20இல் உறையவைத்தால் தொற்று பரப்பும் கொசு அறையில் ஒன்றும் இராது. ஸ்போரோசோயிட் வேண்டுமென்று 14 முதல் 16 நாள் வைத்திருந்தால் ஒவ்வொரு கொசுவுக்கும் கணக்கு வேண்டும். உள்ளே போனது 60 என்றால், செத்ததும் பிரித்ததும் சேர்ந்து 60. ஒன்று குறைந்தால் கதவைத் திறக்கக் கூடாது.

சுரப்பிக்கு: தலையை மெதுவாக இழுத்தால் இரண்டு சுரப்பியும் அதோடு வரும், ஒவ்வொன்றிலும் மூன்று மடல். பி.பி.எஸ்ஸில் போடாமல் பனிக்கட்டிமேல் வைத்த ஊடகத்தில் சேகரியுங்கள். நியூபாயர் அறையில் (செல் எண்ணும் கட்டமிட்ட கண்ணாடி) விட்டு, அசையாமல் ஐந்து நிமிடம் விட்டால் ஸ்போரோசோயிட்கள் அடியில் படியும். நான்கு மூலைச் சதுரங்களின் சராசரி 120 என்றால், 10,000ஆல் பெருக்கி மில்லிலிட்டருக்கு 12 லட்சம். 20 கொசுவின் சுரப்பி 100 மைக்ரோலிட்டரில் இருந்தால் மொத்தம் 1,20,000, கொசுவுக்கு 6,000.

இப்போது எண்கள். ஊசிஸ்ட் பரவல் சீரானது அல்ல. பல கொசுவில் 0, சிலவற்றில் 3, ஒன்றிரண்டில் 60. சராசரியும் திட்ட விலக்கும் போட்டு டி-சோதனை செய்தால் அந்த ஒரு 60 உங்கள் முடிவைத் தீர்மானிக்கும். இப்படிச் சிதறிய எண்ணிக்கைகளுக்கு உரிய எதிர்மறை ஈருறுப்புப் பரவலில் (negative binomial) மாதிரி அமையுங்கள். தொற்றிய விகிதத்தையும் எண்ணிக்கையையும் தனித்தனியே சொல்லுங்கள். கண்ட்ரோல் சராசரி 1 இருக்கும்போது எதிர்பொருள் 80% குறைத்தது என்றால், 1க்கும் 0.2க்கும் உள்ள வேறுபாட்டை 25 கொசுவில் காட்ட முடியாது. கண்ட்ரோல் சராசரி நான்கைந்துக்குக் கீழே வந்த சுற்றை நான் நம்ப மாட்டேன். தவிர, ஒரே ஊட்டுகலத்தில் குடித்த 30 கொசு 30 தனிச் சான்று அல்ல, ஒரே சான்று. சுற்றுகளைத் திரும்பச் செய்யுங்கள், வேறு வேறு கல்ச்சரில்.

வடிதாள்:
களப்பக்கத்திலிருந்து. முதல் கேள்விக்கு என் பதில் வேறு. வளர்ப்பறைக்கு முன்பே ரத்த ஸ்லைடு படிக்கப் பழகுங்கள். எங்கே போனாலும் அது கூட வரும். அது தெரியாதவர் களத்தில் அடுத்தவர் சொன்ன எண்ணைத்தான் எழுத வேண்டியிருக்கும்.

தடித்த பூச்சுக்கு 6 மைக்ரோலிட்டர், 12 மி.மீ. வட்டம், மெல்லிய பூச்சுக்கு 2. மெல்லியதை மட்டும் மெத்தனாலில் நிலைப்படுத்துங்கள். இரண்டும் ஒரே ஸ்லைடில் இருந்தால் மெத்தனால் தடித்ததைத் தொடக் கூடாது, ஆவிகூட. தொட்டால் சிவப்பணு உடையாமல் நின்று எல்லாவற்றையும் மறைக்கும். ஜிம்சா சாயம் 3% என்றால் 45 முதல் 60 நிமிடம், அவசரத்துக்கு 10%இல் 10 நிமிடம், நீரின் கார அமில நிலை 7.2. அது இறங்கினால் வைவாக்ஸ் தொற்றிய சிவப்பணுவில் இருக்கும் ஷூஃப்னர் புள்ளிகள் தெரியாமல் போய் இனம் தவறும். 200 வெள்ளணு எண்ணும் வரை ஒட்டுண்ணியை எண்ணி, 8,000ஆல் பெருக்கி வெள்ளணு எண்ணிக்கையால் வகுத்தால் மைக்ரோலிட்டருக்கு எவ்வளவு என்று கிடைக்கும். 200 எண்ணியும் ஒட்டுண்ணி 100ஐத் தொடவில்லையா, 500 வெள்ளணு வரை எண்ணுங்கள்.

களக் கொசுவைத் தலையும் மார்பும் ஒரு குழாய், வயிறு ஒரு குழாய் என்று பிரித்து சிலிக்கா ஜெல்லில் வையுங்கள். சர்க்கம்ஸ்போரோசோயிட் புரதத்தை (ஸ்போரோசோயிட்டின் மேற்பரப்புப் புரதம்) எலைசா என்ற எதிர்பொருள் சோதனையில் தேடும்போது தலை, மார்பு மட்டும் போட வேண்டும், வயிற்றையும் சேர்த்தால் ஊசிஸ்டில் உள்ள புரதமே ‘தொற்றுள்ள கொசு’ என்று காட்டிவிடும். மாட்டு ரத்தம் குடித்த கொசுக்களில் பொய்யான நேர்மறை வருவது தெரிந்த விஷயம். நேர்மறை வந்த அரைசலை 100 டிகிரியில் 10 நிமிடம் கொதிக்கவைத்து மறுபடி போடுங்கள். உண்மையான புரதம் தாங்கும், பொய் மறையும். இந்த ஒரு படியை விட்டதால் புது நோய்க்கடத்தி கண்டோம் என்று அறிவிக்க நேரும்.

பூச்சிக்கொல்லி எதிர்ப்புச் சோதனையும் கற்றுக்கொள்ளுங்கள், கேட்காத களத்திட்டம் கிடையாது. உலக சுகாதார நிறுவனக் குழாய் முறையில் ரத்தம் குடிக்காத பெண்கள் குழாய்க்கு 20 முதல் 25, நான்கு சோதனைக் குழாய், இரண்டு கண்ட்ரோல். மருந்துத் தாளோடு ஒரு மணி நேரம், 24 மணி கழித்து இறப்பு எண்ணிக்கை. 98% அல்லது அதற்கு மேல் என்றால் பாதிப்புக்குள்ளாகும் கொசு. 90க்குக் கீழே எதிர்ப்பு உறுதி. இடைப்பட்டது சந்தேகம், மறுபடி செய்ய வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த தாளை அறை வெப்பத்துக்கு வரவிடாமல் பயன்படுத்துவதும், ஒரே தாளை ஆறு முறைக்கு மேல் ஓட்டுவதும் இல்லாத எதிர்ப்பைக் காட்டும். கால் உதிர்ந்தும் பறக்கிற கொசுவை உயிருள்ளதாகத்தான் எழுத வேண்டும். அதைச் செத்ததாக எழுதினால் இறப்பு விகிதம் பொய்யாக ஏறும்.

மார்பைப் பிரிப்பதற்கு முன் சூலகத்தையும் பார்த்துவிடுங்கள். அதன்மேல் உள்ள மூச்சுக்குழல் நுனிகள் சுருளாக இருந்தால் முட்டையிடாதது, நீண்டு விரிந்திருந்தால் இட்டது. ஒருமுறையாவது முட்டையிட்ட கொசுதான் ஸ்போரோசோயிட் வரும்வரை வாழ்ந்திருக்கக்கூடியது. சில நூறு கொசுக்களைப் பிரித்த பிறகே கண் பழகும், அதற்கு வளர்ப்பறைக் கொசுவே போதும். ஆக கம்பிவலை சொன்னதோடு சண்டையில்லை, காலையில் அவர் தட்டு, மதியம் என் ஸ்லைடு.

கம்பிவலை:
சூலகத்துக்கு வளர்ப்பறைக் கொசு சரி, ஆனால் ஒரு முறை ரத்தம் ஊட்டி முட்டையிட்டவற்றைத் தனியே வைத்து, இடாதவற்றோடு கலந்து, அடையாளம் மறைத்துப் பாருங்கள். எது எது என்று தெரிந்துகொண்டே பார்த்தால் சுருள் எல்லாவற்றிலும் தெரியும்.